பிளட் பைத்தான் வளர்ப்பு: வாங்கும் முன் தெரிய வேண்டியதும், வாங்கிய பின் செய்ய வேண்டியதும்

நீளம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் உடல் பெரியவர் ஒருவரின் கெண்டைக்கால் பருமன் இருக்கும், எடை ஏழெட்டு கிலோ வரும். வால் மட்டும் யாரோ பாதியில் நறுக்கிவிட்டது போலச் சட்டென்று முடிந்துவிடும். செங்கல் சிவப்பிலிருந்து ஆழ்ந்த ரத்தச் சிவப்பு வரை நிறம். பிளட் பைத்தானை ஒருமுறை நேரில் பார்த்தால் கண்ணை எடுப்பது கடினம்.

பாம்பு வளர்ப்பவர்களிடையே இதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. "கோபக்காரப் பாம்பு, கடிக்கும், சீறும், பக்கத்தில் போக முடியாது" என்பார்கள். அந்தப் பெயர் இந்தப் பாம்பு சம்பாதித்தது இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. காட்டில் பிடித்து, பெட்டியில் அடைத்து, கடல் கடந்து அனுப்பி, சூடும் வறட்சியுமான கூண்டில் போட்டால் எந்த உயிர்தான் சாந்தமாக இருக்கும்? இது சதுப்பு நிலத்து நிழலில், ஈர இலைகளுக்கு அடியில் அசையாமல் கிடக்கும் பாம்பு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

எந்தப் பாம்பு இது?

அறிவியல் பெயர் பைத்தான் பிரோங்கர்ஸ்மாய். 1938-இல் ஆலிவ் ஸ்டல் இதைக் குட்டைவால் மலைப்பாம்பின் துணையினமாக விவரித்தார். டச்சு ஊர்வன ஆய்வாளர் பிரோங்கர்ஸ்மாவின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். 2001-இல்தான் தனி இனமாக உயர்த்தப்பட்டது. கிழக்குச் சுமத்ரா, மலாய் தீபகற்பம், தாய்லாந்தின் தென்பகுதி, அதைச் சுற்றியுள்ள சில தீவுகள் ஆகியவை இதன் சொந்த இடம். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலி ஏராளம் என்பதால் அங்கேயும் நன்றாகவே வாழ்கிறது. தோலுக்காகப் பெருமளவில் பிடிக்கப்படுகிறது.

இதன் நெருங்கிய உறவுகள் இரண்டு விற்பனையில் வரும். சுமத்ராவின் மேற்குப் பகுதியில் வாழும் கறுப்பு நிறக் குட்டைவால் ஒன்று, போர்னியோ குட்டைவால் இன்னொன்று. மூன்றையும் சிலர் "பிளட்" என்றே விற்பார்கள். பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி சட்டம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. எல்லை தாண்டி வந்த பாம்பு என்றால் அதற்கான ஆவணம் இருக்க வேண்டும். வீட்டில் வளர்க்க அனுமதி, பதிவு போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் முற்றிலும் தடை. பாம்பைப் பார்க்கப் போகும் முன்பே இதை விசாரித்து முடித்துவிடுங்கள். பார்த்த பிறகு மனம் விதிகளைப் படிக்க விடாது.

அடுத்தது காலம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அப்புறம் எடை. குட்டி உள்ளங்கையில் அடங்கும், ஆனால் மூன்று நான்கு வருடங்களில் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய பாம்பாகிவிடும். பெண் பாம்புகள் ஆணைவிடப் பெரிதாகும். 10 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. விஷம் கிடையாது, ஆனால் பற்கள் நீளமானவை, உள்நோக்கி வளைந்தவை. கடித்தால் ரத்தம் வரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டு இல்லாத கூண்டு கூடவே கூடாது.

பாம்பு தோளில் ஏறி ஊர வேண்டும், கிளைகளில் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேறு இனத்தைப் பாருங்கள். இது நாள் முழுவதும் ஒரே இடத்தில் கிடக்கும். அந்த அமைதியை ரசிக்கத் தெரிந்தவருக்கான பாம்பு இது.

முதல் படி: கூண்டு, பாம்புக்கு முன்பே

குறைந்தது இரண்டு வாரம் முன்பாகக் கூண்டை அமைத்து, வெப்பமும் ஈரமும் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாம்பைக் கொண்டு வாருங்கள். பாம்பு வந்த பிறகு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மல்லுக்கட்டினால் கஷ்டப்படுவது அதுதான்.

வளர்ந்த பாம்புக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 40 அல்லது 45 உயரம் உள்ள கூண்டு தேவை. மரம் ஏறும் பாம்பு இல்லை என்பதால் உயரத்தைவிடத் தரைப் பரப்புதான் முக்கியம். குட்டியை இவ்வளவு பெரிய இடத்தில் விட்டால் மிரண்டு, சாப்பிடாமல் கிடக்கும். அதற்குச் சிறிய, நான்கு பக்கமும் ஒளி புகாத பெட்டியே நல்லது. எல்லாப் பக்கமும் கண்ணாடியும் மேலே கம்பி வலையும் உள்ள தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் வலை வழியே பறந்துவிடும், பாம்புக்கும் எந்நேரமும் யாரோ பார்ப்பது போன்ற உணர்வு. முன்பக்கம் திறக்கும் பிவிசி கூண்டு சிறந்தது. இன்னொரு காரணமும் உண்டு. மேலிருந்து வரும் கை, பாம்புக்கு வேட்டைப் பறவையின் கால் போல. முன்பக்கமாக நீளும் கையை அது சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது.

வெப்பம்தான் பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம். மலைப்பாம்பு என்றாலே நல்ல சூடு வேண்டும் என்று நினைத்து 33, 34 டிகிரி வைத்துவிடுகிறார்கள். பிளட் பைத்தானுக்கு அது வதை. கூண்டின் ஒரு பக்கம் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 அல்லது 26, இரவில் 24 வரை இறங்கினாலும் பரவாயில்லை. 32-க்கு மேல் தொடர்ந்து போகவே கூடாது. வெப்பம் தருவது எதுவானாலும், அது வெப்பத் தகடாக இருந்தாலும் கூரையில் பொருத்தும் பேனலாக இருந்தாலும், தெர்மோஸ்டாட்டோடு இணைந்திருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்லை வாங்காதீர்கள். வயிறு வெந்துபோகும் வரை அதன் மேலேயே கிடக்கும் பாம்புகளும் உண்டு.

கூண்டின் சுவரில் ஒட்டிய வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். பாம்பு கிடப்பது தரையில். தரையின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சில டிகிரி வேறுபடுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

சரி, ஈரப்பதம். 60 முதல் 70 சதவீதம் போதும், சட்டை உரிக்கும் நாட்களில் 75, 80 வரை ஏற்றலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று ஈரமாக இருக்க வேண்டும், பாம்பின் வயிறு ஈரத்தில் ஊறக் கூடாது. தேங்காய் நார்த்தூளை ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மூலைகளில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் அடியில் பரவும், மேல் அடுக்கு காய்ந்தே இருக்கும். அடி ஈரம் நாள் முழுக்க மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. தினமும் தெளிப்பானால் பாம்பின் மேல் தண்ணீர் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம். அவற்றின் எண்ணெயும் வாசனையும் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்பென் மரச்சீவல் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். முதல் சில மாதங்களுக்கு வெறும் செய்தித்தாள் விரிப்பதும் நல்ல வழிதான். கழிவையும் உண்ணியையும் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

மறைவிடம் இரண்டு வேண்டும், வெப்பப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. உயரமான குகை போல இருந்தால் பயனில்லை. உள்ளே சுருண்டால் முதுகு கூரையில் தொட வேண்டும், அப்போதுதான் அதற்குப் பாதுகாப்பு. தண்ணீர்ப் பாத்திரம் கவிழாத கனத்தில் இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இரண்டாம் படி: சரியான பாம்பைத் தேர்ந்தெடுப்பது

கூண்டில் முட்டையிட்டுப் பொரித்த குட்டியையே வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் அது இந்த வரிதான். காட்டில் பிடித்த பெரிய பாம்பு விலை குறைவாகக் கிடைக்கலாம். அதோடு ஒட்டுண்ணியும் குடல் புழுவும் வாழ்நாள் அச்சமும் சேர்ந்தே வரும்.

என் முதல் பிளட் பைத்தானை "கூண்டில் பிறந்தது" என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்த நாள் முதல் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை. சதுப்புப் பாம்பு, தண்ணீர் பிடிக்கும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் பாத்திரத்தைக் கழுவும்போது அடியில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். அத்தனையும் உண்ணி. தாடைக்கு அடியில், கண்ணைச் சுற்றியுள்ள செதில் ஓரத்தில் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. பாம்பு குளிக்கவில்லை, அவற்றிடமிருந்து தப்பப் பார்த்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, காட்டிலிருந்து வந்து சில வாரங்களே ஆன பாம்பு அது.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: எப்போது பொரித்தது, பெற்றோரைப் பார்க்கலாமா, இதுவரை எத்தனை முறை சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை சட்டை உரித்தது? நேர்மையான வளர்ப்பாளர் இதையெல்லாம் எழுதி வைத்திருப்பார், கேட்டதும் மகிழ்ச்சியோடு காட்டுவார். குறைந்தது ஐந்தாறு முறை தொடர்ந்து சாப்பிட்ட குட்டியாகப் பாருங்கள். முடிந்தால் கொன்று உறையவைத்த எலியைத் தின்னப் பழகியதாக இருக்கட்டும்.

கையில் வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது மூச்சு. காதருகே கொண்டுபோய் அரை நிமிடம் அமைதியாக இருங்கள். மிரண்ட குட்டி சீறினால் அது வேறு, அதற்குக் கவலை வேண்டாம். சாதாரண மூச்சில் கிளிக் கிளிக் என்றோ, குமிழி உடைவது போலவோ சத்தம் வந்தால் வாங்காதீர்கள். வாயோரத்தில் கோழை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை மேல்நோக்கியே வைத்திருப்பது எல்லாம் அதே எச்சரிக்கை. பிறகு வயிற்றுச் செதில்களைப் பாருங்கள். பழுப்புக் கறை, கொப்புளம் இருக்கக் கூடாது. கண்கள் தெளிவாக, கழிவுத் துளை சுத்தமாக, உடல் கையில் இறுக்கமாகப் பிடிப்பு கொடுக்க வேண்டும். நனைந்த கயிறு போலத் தொங்கும் குட்டி நல்ல குட்டி இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும். சிவப்பு ஏறுவது இரண்டு மூன்று வருடங்களில். அதனால் நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் பெற்றோரைப் பாருங்கள், அதுவும் உறுதியில்லை, ஒரு குறிப்பு மட்டுமே.

மூன்றாம் படி: முதல் மாதம்

கூண்டில் விட்டபின் ஒரு வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுவது, கழிவு எடுப்பது தவிர வேறொன்றும் வேண்டாம். ஏழெட்டு நாள் கழித்து முதல் தீனி. அது மறுத்தால் இன்னொரு வாரம் விடுங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகே கையில் எடுக்கத் தொடங்குங்கள்.

வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் புதியதை மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். இடுக்கி, பாத்திரம், பாம்பைத் தூக்கும் கொக்கி எல்லாம் தனி. முதலில் பழைய பாம்புகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். மலைப்பாம்புகளைத் தாக்கும் நிடோவைரஸ் போன்றவை வெளியே தெரியாமல் பல வாரம் மறைந்திருக்கும். அதற்குப் பரிசோதனை இருக்கிறது, ஊர்வன மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: தீனி

பிளட் பைத்தான் எப்போதும் பசித்தது போலவே நடிக்கும். கூண்டைத் திறந்தால் தலையைத் தூக்கும், எலியைக் காட்டினால் பாயும். இதை நம்பித்தான் அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். ஓரிடத்தில் காத்துக் கிடந்து, அகப்பட்டபோது தின்னும் பாம்பு இது. செரிமானம் மெதுவாக நடக்கும், செலவழிக்கும் சக்தியும் குறைவு. மிஞ்சுவதெல்லாம் கொழுப்பாகி ஈரலில் சேரும்.

குட்டிக்கு முதல் வருடம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. இரண்டாம் வருடம் 10 முதல் 14 நாள். வளர்ந்த பாம்புக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்று, அதுவும் நடுத்தர அளவு எலி ஒன்று போதும். இரையின் பருமன் பாம்பின் உடல் பருமனைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். மற்ற பாம்புகளுக்குச் சொல்லும் "உடல் பருமனுக்குச் சமம்" என்ற கணக்கு இங்கே பொருந்தாது, இதன் பருமன் இயல்பிலேயே அதிகம்.

உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கரைய விடுங்கள். மறுநாள் ஒரு பையில் போட்டு வெந்நீரில் வைத்து, கையில் பிடித்தால் உயிருள்ள உடலின் சூடு தெரியும் அளவுக்குச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். நீளமான இடுக்கியால் கொடுங்கள். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்துதான் இது தாக்கும், உங்கள் விரலும் எலியைப் போலவே சூடானது. உயிருள்ள எலியை உள்ளே விட்டுப் போவது தவறு. எலி திருப்பிக் கடித்தால் பாம்பின் முகம் கிழியும்.

சாப்பிட்ட பின் இரண்டு மூன்று நாள் தூக்காதீர்கள். ஆண் பாம்புகள் இனப்பெருக்க காலத்தில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாதவரை பதற வேண்டாம். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். உடல் உருண்டையாக இருப்பது இயல்பு. சுருண்டு கிடக்கும்போது மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால், செதில்களுக்கு நடுவே தோல் விரிந்து தெரிந்தால், தீனியைக் குறையுங்கள்.

கழிவைப் பற்றி, கொஞ்சம் விரிவாக

புதிதாக வளர்ப்பவரை மிகவும் பயமுறுத்துவது இதுதான். வளர்ந்த பிளட் பைத்தான் ஒரு மாதத்துக்கு மேல்கூடக் கழிக்காமல் இருக்கும். பிறகு ஒரே நாளில் மொத்தமும் வரும். வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக் கட்டி போன்றது யூரேட், அதாவது பாம்பின் கெட்டிச் சிறுநீர். அது இடையிடையே தனியாகவும் வரும்.

மூன்று நான்கு தீனிக்கு மேல் ஒன்றும் வெளியேறவில்லை என்றால் அடுத்த எலியைப் போடாதீர்கள். மூடியுள்ள பெரிய டப்பாவில், உடலின் பாதி உயரம் வரை 28 டிகிரி தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அதற்கு முன் பத்து நிமிடம் தரையில் ஊர விட்டால் இன்னும் நல்லது. உடல் அசைந்தால் குடலும் அசையும். இரண்டு மூன்று முறை செய்தும் பலனில்லை, வயிற்றில் கட்டி தென்படுகிறது என்றால் மருத்துவர்தான். கழிவுத் துளை வழியே சிவந்த சதை பிதுங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் அதைக் காயாமல் மூடி உடனே கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: கையில் எடுப்பது

இதன் சீற்றம் பாம்பின் "ஸ்ஸ்" இல்லை. கொல்லன் துருத்தி ஊதுவது போல, உடல் முழுவதும் உப்பி அடங்கும் பெருமூச்சு. முதல் முறை கேட்டால் கை தானாகப் பின்வாங்கும். ஆனால் பெரும்பாலும் அது "நீ வந்தது தெரியும், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வது மட்டுமே. அந்த மூச்சைக் கவனிக்கப் பழகினால் கடி வாங்க மாட்டீர்கள்.

கூண்டைத் திறந்ததும் கையை நீட்டாதீர்கள். கொக்கியின் முனையால் உடலின் நடுப்பகுதியை மெல்லத் தொடுங்கள். தீனி நேரம் இல்லை என்று அதற்குப் புரிந்துவிடும். பிறகு பக்கவாட்டிலிருந்து, தலைக்குப் பின்னால் உள்ள மூன்றில் ஒரு பாகத்தை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் நுழைத்து ஒரே சீராகத் தூக்குங்கள். கனமான உடல். பாதி அந்தரத்தில் தொங்கினால் விழுந்துவிடுவோம் என்று பயந்து உதறும். அந்த உதறலைத்தான் பலர் கோபம் என்று நினைக்கிறார்கள். முழு எடையும் உங்கள் முன்கையிலோ மடியிலோ தாங்கப்பட்டால் சில நிமிடங்களில் மூச்சு நீண்டு மெதுவாகும், நாக்கு சாவகாசமாக வெளியே வந்து போகும். கழுத்தைப் பிடிக்காதீர்கள், தலையைத் தடவாதீர்கள்.

தரையில் உட்கார்ந்து செய்வது நல்லது. விழுந்தாலும் அடிபடாது. முதலில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை. அது அமைதியாக இருக்கும்போதே திரும்ப வைத்துவிடுங்கள். சீறியதும் பயந்து கீழே வைத்தால், சீறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

என் இரண்டாவது பாம்பு, கூண்டில் பிறந்த பெண். முதல் நான்கு மாதம் ஒவ்வொரு முறையும் துருத்தி ஊதியது. ஐந்தாம் மாதத்தில் ஒரு மாலை, தூக்கியதும் ஒரே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு என் முழங்கை மடிப்பில் தலையை வைத்துக்கொண்டது. பகலில் வெளிறிய சாம்பலாக இருந்த அதன் தலை அப்போது கருத்திருந்தது. இந்தப் பாம்புகளின் தலை இப்படி வெளிறுவதும் கருப்பதுமாக நிறம் மாறும். அதை மடியில் வைத்துப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

சட்டை உரித்தல்

நிறம் மங்கி, கண்கள் நீலம் கலந்த சாம்பலாகும். அந்த நாட்களில் பார்வை மங்கும், எரிச்சலாக இருக்கும், தூக்க வேண்டாம். கண் மீண்டும் தெளிந்து சில நாளில் உரிக்கும். ஈரப்பதம் சரியாக இருந்தால் சட்டை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றியது போல வரும். உரித்த சட்டையை எடுத்து இரண்டு கண்மூடிகளும், வால் நுனியும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு துண்டாக வந்தால் கூண்டு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துண்டு போட்ட டப்பாவில் ஓரிரு மணி நேரம் விட்டால் தானே நெகிழ்ந்துவிடும். கண்மூடி ஒட்டியிருந்தால் அடுத்த உரிப்பு வரை விடுங்கள், அப்போதும் வராவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம்?

பாம்பு வாங்கும் முன்பே ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரைத் தேடி வையுங்கள். மூச்சில் சத்தம், வாயில் கோழை, வயிற்றில் கொப்புளம், காரணமில்லாமல் எடை குறைவது, நிலைதடுமாறுவது, தலை ஒரு பக்கம் திருகுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மறுநாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். எந்நேரமும் தண்ணீரிலேயே கிடந்தால் மூன்றில் ஒன்று: உண்ணி, அதிக வெப்பம், அல்லது வறட்சி. முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அடுத்து தாடைக்கு அடியில் பாருங்கள்.

கொண்டுபோகும்போது காற்றோட்டமுள்ள துணிப்பையில் விட்டு, பையின் வாயைக் கட்டி, அதைக் கெட்டியான பெட்டிக்குள் வையுங்கள். தீனி, எடை, சட்டை, கழிவு எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் நான்கு கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கும்.